கிராப் ஐலண்டுக்கு முதல் முறை படகெடுத்துப் போகிறவர்களுக்கு

ஃபுளோரிடாவின் டெஸ்டினுக்கு விடுமுறைக்குப் போகும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஒரு நாளாவது கிராப் ஐலண்டில் இறங்கிவிட வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட வேண்டிய இடம்தான். சாக்டவாட்சி விரிகுடாவுக்குள், மார்லர் பாலத்துக்குச் சற்று வடக்கே, நீருக்கடியில் பரந்து கிடக்கும் மணல்திட்டு அது. பச்சைத் தண்ணீருக்கு அடியில் வெள்ளை மணல் பளிச்சென்று தெரியும். கோடை வார இறுதியில் வரிசை வரிசையாகப் படகுகள் நங்கூரம் போட்டு நிற்கும், பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். ஈஸ்ட் பாஸ் என்ற கடல்வாயை அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை தூர்வாரியபோது கொட்டிய மணலால் முன்பு இங்கே தண்ணீருக்கு மேலேயே தீவு இருந்தது. அலையும் ஓட்டமும் அதை அரித்துவிட்டன. இன்றைக்குக் கால் வைக்கக் கரை கிடையாது. போவதும் படகில், உட்காருவதும் படகில், திரும்புவதும் படகில்.

இடுப்பளவுதானே என்று நம்பி வருகிறவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஆழத்தைவிட இங்கே பயப்பட வேண்டியது தண்ணீர் ஓடும் வேகத்துக்கு. அதனால் எந்தப் படகு, எத்தனை பேர், என்ன சாப்பாடு என்பதற்கெல்லாம் முன்னால், அன்றைக்குத் தண்ணீர் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். மற்றதை எல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரின் நேரம்

சாக்டவாட்சி விரிகுடா கிழக்கு மேற்காக ஏறக்குறைய 30 மைல் நீளம். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு மெக்சிகோ வளைகுடாவோடு நேரடியாகக் கலக்க ஈஸ்ட் பாஸ் என்ற ஒரே ஒரு குறுகிய வாய்தான் உண்டு. அந்த வாய்க்கு வெகு பக்கத்தில் கிராப் ஐலண்ட் இருக்கிறது. கடல் ஏறும்போது தண்ணீர் முழுவதும் பாலத்துக்கு அடியில் புகுந்து உள்ளே வரும், வற்றும்போது அதே வழியாக வெளியே பாயும். இந்தக் கரையில் ஏற்றவற்றம் ஓர் அடி அளவுக்குத்தான் இருக்கும். நீர்மட்டத்தைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும். ஆனால் அந்த ஓர் அடித் தண்ணீரும் ஒரு சின்ன வாய் வழியாகப் போக வேண்டும் என்பதால் ஓட்டம் பலமாகிவிடுகிறது.

இங்கே பெரும்பாலான நாட்களில் ஒரே ஒரு ஏற்றம், ஒரே ஒரு வற்றம். நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பின் தளத்தில் டெஸ்டின் ஈஸ்ட் பாஸுக்கான அட்டவணை கிடைக்கும். அதில் ஏற்றம் உச்சத்தைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரம் நீங்கள் திட்டில் இருக்கும்படி நாளை அமையுங்கள். ஏறும் தண்ணீர் வளைகுடாவிலிருந்து வருவதால் தெளிவாக, மரகதப் பச்சையாக இருக்கும். அது உங்களை விரிகுடாவின் உட்பக்கமாகத்தான் தள்ளும். வற்றும் தண்ணீர் கலங்கலாக, தேநீர் நிறத்தில் வரும். அது தள்ளுவது பாலத் தூண்களை நோக்கி, அதையும் தாண்டிக் கடலை நோக்கி. படத்தில் பார்த்த நிறம் ஏன் இல்லை என்று மத்தியானத்தில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் வற்றத்தில் வந்தவர்கள்.

அட்டவணையில் போட்டிருக்கும் நிமிடத்தில் ஓட்டம் நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். கடலில் மட்டம் உச்சத்தைத் தொட்ட பிறகும் விரிகுடா நிரம்பிக்கொண்டே இருக்கும், ஓட்டம் திரும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். காற்றும் கணக்கை மாற்றும். ஏற்றவற்றம் சிறியது என்பதால் பலமான வடகாற்று ஒரு நாள் முழுக்க அடித்தாலே விரிகுடாத் தண்ணீரைக் கடல் பக்கம் தள்ளி மட்டத்தை இறக்கிவிடும். எனவே அட்டவணையோடு தேசிய வானிலை சேவையின் கடல்சார் முன்னறிவிப்பையும் முந்தின நாள் இரவிலும் அன்று காலையிலும் படியுங்கள். காற்று மணிக்கு 15 கடல்மைல் (15 knots) வேகத்துக்கு மேல் என்று இருந்தால் முதல்முறைக்காரர்களுக்கு அது நல்ல நாள் இல்லை. முன்பணம் போனாலும் போகட்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை திடீரென்று கட்டும். திட்டில் ஒதுங்க இடமே கிடையாது, படகின் கூரையோ உலோகக் கம்பியில் கட்டிய துணி. இடிச் சத்தம் கேட்டதும் கிளம்பிவிட வேண்டும். மழை வரட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

கிழமையும் முக்கியம். சனி ஞாயிறைவிடச் செவ்வாய், புதன் காலைகள் எவ்வளவோ மேல். மெமோரியல் டே, ஜூலை 4, லேபர் டே ஆகிய விடுமுறை நாட்களில் கிராப் ஐலண்ட் அனுபவஸ்தர்களுக்கே நெருக்கடி. முதல் முறை என்றால் அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

யார் ஓட்டுவது

குடும்பமாகப் போக ஏற்றது பாண்டூன் படகு. இரண்டு மூன்று அலுமினியக் குழாய்களின் மேல் தட்டையான தளம், சுற்றிக் கம்பி, நடுவில் சோபா, பின்னால் ஏணி. அசைவு குறைவு, பெரியவர்களும் நிம்மதியாக உட்காரலாம். டெஸ்டின் துறைமுகத்தில் வாடகைக்குக் கொடுக்கும் இடங்கள் நிறைய. ஆனால் உங்கள் கூட்டத்தில் யாருமே இதற்கு முன் படகு ஓட்டியதில்லை என்றால், முதல் தடவை ஓட்டுநரோடு சேர்த்தே எடுங்கள் என்பதுதான் என் உறுதியான யோசனை. கொஞ்சம் கூடுதல் பணம் ஆகும். ஆனால் நங்கூரம், ஓட்டம், நெரிசல் எல்லாவற்றையும் ஒருவர் பார்த்துக்கொள்வார், நீங்களும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம்.

நாமே ஓட்டுகிறோம் என்றால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் ஃபுளோரிடாவில் 10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட படகை ஓட்ட, படகுப் பாதுகாப்புக் கல்வி அட்டை வைத்திருக்க வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் ஆன்லைனில் தேர்வு எழுதித் தற்காலிகச் சான்றிதழ் வாங்கலாம், 90 நாள் செல்லும். அதை வீட்டிலிருந்தே முடித்துவிட்டு வாருங்கள். படகுத்துறையில் வரிசையில் நின்றுகொண்டு போனில் தேர்வு எழுதுவதில் நல்ல காலை நேரம் வீணாகும். படிக்கிற பாடமும் மண்டையில் ஏறாது. ஓட்டுகிறவர் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.08 என்றால் கார் ஓட்டுவதைப் போலவே குற்றம். என் கணக்கில் ஓட்டுகிறவருக்கு அன்றைக்கு ஒரு பியர்கூடக் கிடையாது.

2023 ஜனவரி முதல் வாடகைப் படகு நிறுவனங்கள் மாநில வனவிலங்கு ஆணையத்தின் அனுமதி பெற்றிருக்க வேண்டும், கிளம்பும் முன் வாடிக்கையாளருக்குப் பயிற்சியும் தர வேண்டும். அந்தப் பயிற்சியை அவசரமாக முடிக்க விடாதீர்கள். நங்கூரம் எங்கே, எஞ்சினை எப்படித் தூக்குவது, எஞ்சின் நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு எப்படி வேலை செய்கிறது, உதவிக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். படகை ஒரு சுற்றுச் சுற்றி, கீறல், சீட்டுக் கிழிசல், ப்ரொப்பெல்லர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த ப்ரொப்பெல்லர் நசுங்கலுக்கு முன்பணத்தைப் பிடிப்பது பழைய தகராறு.

அட்லாண்டாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. டெஸ்டின் மத்திய நேரத்தில் இருக்கிறது, உங்கள் ஊரைவிட ஒரு மணி நேரம் பின்னால். போன் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரமும் காரின் கடிகாரமும் மாறாமல் இருக்கலாம்.

தலைக்கணக்கும் மூட்டை முடிச்சும்

படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று போட்டிருக்கும். கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். 12 பேர் படகில் 14 பேர் ஏறி, குழந்தைதானே என்று சொல்வது செல்லாது. 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும் என்பது ஃபுளோரிடா சட்டம். நம் வீடுகளில் நீச்சல் தெரியாத பெரியவர்கள் அதிகம். அவர்களும் படகிலும் தண்ணீரிலும் ஜாக்கெட்டோடுதான் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, “இவ்வளவு தண்ணிக்கு எனக்கெதுக்குப்பா?” என்பார். சரி என்று விட்டுவிடாதீர்கள். இடுப்பளவு மணலிலிருந்து நாலு எட்டு தள்ளி வைத்தால் தலைக்கு மேல் ஆழம் இருக்கும் இடங்கள் திட்டின் ஓரத்தில் உண்டு.

உடை விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். புடவை, பருத்திச் சுடிதார், துப்பட்டா எல்லாம் நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், ஓட்டத்தில் நடக்கவே முடியாது. முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால் வரை லெக்கின்ஸும் போட்டால் உடம்பும் மறையும், வெயிலும் படாது. நகையை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொள்ளட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் ஆறாத புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். சூடான உவர்நீரில் விப்ரியோ என்ற கிருமி இருக்கும், புண் வழியாக ஏறினால் உயிருக்கே ஆபத்து. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். புண் இல்லாவிட்டாலும் கால் மரத்துப்போகிறவர்கள் தண்ணீர்ச் செருப்பு போடாமல் இறங்கக் கூடாது. சிப்பி கீறினால் அவர்களுக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குப் புளியோதரைதான் ராஜா. தயிர்சாதம் கொண்டுபோனால் ஐஸ் பெட்டியின் அடியில் வையுங்கள், மேலே வைத்தால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். சீசனில் சாப்பாட்டுப் படகுகள் வரும், ஆனால் குழந்தைகளோடு அதை மட்டும் நம்பிப் போக முடியாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும், உப்புப் போட்ட மோர் இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடிப் பாட்டில் எதுவும் வேண்டாம், உடைந்தால் அத்தனை பேரும் வெறுங்காலில் நடக்கும் மணல் அது. காகிதத் தட்டு காற்றில் பறக்கும், மூடி போட்ட டப்பாவாகக் கொடுங்கள். குப்பைக்கு இரண்டு பெரிய பைகள், கட்டிவைக்கக் கயிறு.

திட்டில் கழிவறை கிடையாது. முன்பதிவு செய்யும்போதே படகில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் உத்தேசித்து அரை நாள் வாடகையே எடுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் உட்கார்ந்து மயங்கிவிழும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

துறைமுகத்திலிருந்து திட்டு வரை

ஓட்டுகிறவர் எஞ்சின் நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். 26 அடிக்குக் குறைந்த படகுகளில் 2021 ஏப்ரல் முதல் இது அமெரிக்கா முழுக்கச் சட்டம். துறைமுகத்துக்குள் அலை எழும்பாத மெதுவேகத்தில்தான் போக வேண்டும்.

பாண்டூனின் முன்பக்கக் கதவுக்கு வெளியே ஒரு சின்ன விளிம்பு இருக்கும். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட ஆசைப்படுவார்கள். ஓடும் படகில் அதற்கு ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். முன்னால் விழுந்தவர் மேல் படகு ஏறி, அவர் நேராக ப்ரொப்பெல்லருக்குத்தான் போவார். படகு நகரும்போது கதவு பூட்டியிருக்க வேண்டும், எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

துறைமுகத்தின் வாயைத் தாண்டியதும் ஈஸ்ட் பாஸ் ஓட்டம் படகைப் பக்கவாட்டில் இழுப்பதை உணர்வீர்கள். வலது கைப்பக்கம் திரும்பிப் பாலத்துக்கு அடியில் புகுந்து வடக்கே போக வேண்டும். தூண்களுக்கு நடுவே நேராக, சீரான வேகத்தில் போங்கள். அங்கே எஞ்சினை நியூட்ரலில் விட்டுப் படம் எடுக்காதீர்கள், ஓட்டம் தூணோடு கொண்டுபோய் மோதிவிடும். இடது பக்கம் கடலுக்குப் போகும் வழி. வாடகைப் பாண்டூனோடு அந்தப் பக்கம் போகக் கூடாது, அநேகமாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்.

பாலம் தாண்டியதும் தண்ணீரின் நிறத்தைப் படியுங்கள். வெளிர்பச்சை, கிட்டத்தட்ட வெள்ளை என்றால் ஆழம் குறைவு. அடர்பச்சை, நீலம் என்றால் ஆழம். போலரைஸ்டு கண்ணாடி போட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெளிர் நிறம் வந்ததும் எஞ்சினைப் பாதி தூக்கி, நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுங்கள். மணலில் தட்டிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள், எஞ்சினைக் குளிர்விக்கும் குழாய் மணலை உறிஞ்சிவிடும். எஞ்சினை நிறுத்தி, தூக்கி, இரண்டு பேர் இறங்கித் தள்ளினால் பெரும்பாலும் வந்துவிடும்.

நங்கூரம்

பாலத்தின் பக்கமும் படகுகள் போய்வரும் வாய்க்கால் ஓரமும் வேண்டாம். முன்னும் பின்னும் இரண்டு படகு நீளமாவது காலியாக இருக்கும் இடம் பாருங்கள். பக்கத்துப் படகுகள் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கின்றனவோ, நீங்களும் அந்தப் பக்கமே திரும்பி, காற்றோ ஓட்டமோ எது பலமோ அதை எதிர்த்து மெதுவாக நுழையுங்கள்.

படகு நின்றதும் முன்பக்கத்திலிருந்து நங்கூரத்தைத் தண்ணீரில் இறக்குங்கள். தூக்கி வீசினால் சங்கிலி அதன் மேலேயே சுற்றிக்கொள்ளும். இறக்கிய பிறகு படகு தானாகப் பின்னால் போகும், கயிற்றை விட்டுக்கொண்டே இருங்கள். கயிற்றின் நீளத்துக்கு ஒரு கணக்கு: தண்ணீர் 4 அடி, அதற்கு மேல் படகின் முன்பக்கம் 2 அடி, ஆக 6. அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 30 அடி கயிறு. நேர்க்குத்தாக 8 அடி மட்டும் விட்டால் நங்கூரம் மணலில் பதியாது, இழுபட்டுக்கொண்டே வரும். கட்டின பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். அதன் பிறகுதான் முதல் ஆள் தண்ணீரில் இறங்கலாம். இந்த வரிசை என்றைக்கும் மாறக் கூடாது.

திட்டில் ஒரு வசதி உண்டு. ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நடந்துபோய், நங்கூரத்தின் இரண்டு தட்டைக் கைகளையும் காலால் மணலுக்குள் மிதித்துவிடலாம். அடுத்து பின்பக்க நங்கூரத்தைக் கையில் எடுத்துப் போய் அதேபோல் பதியுங்கள். படகு சுற்றாமல் நிற்கும். பிறகு ஒரு பாலத் தூணையும் கரையில் ஒரு கட்டடத்தையும் அடையாளம் வைத்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை அவை இடம் மாறவில்லையா என்று பாருங்கள். அதே சமயம் எஞ்சினுக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று துடுப்பால் அளந்துவிடுங்கள். வற்றத்தில் படகு மணலில் உட்கார்ந்துவிட்டால் அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

தண்ணீரில்

முதலில் நன்றாக நீச்சல் தெரிந்த ஒருவர் இறங்கி, படகைச் சுற்றி நடந்து, எங்கே பள்ளம், எங்கே ஓட்டம் என்று பார்க்கட்டும். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி இழுத்துக்கொண்டே போக வேண்டும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை, கால் உரசும் அதிர்வில் தானாக விலகிப் போய்விடும், மிதித்தால்தான் வாலால் குத்தும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவுக்குச் சூடான தண்ணீரில் காலை வைத்தால் வலி குறையும், அப்புறம் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது இதற்காகவும் உதவும், பெரியவர்களின் காபிக்கும் உதவும்.

படகின் பின்னாலிருந்து, ஓட்டம் போகும் திசையில் 40, 50 அடிக் கயிற்றில் ஒரு மிதவையைக் கட்டி விடுங்கள். கால் வழுக்கி இழுபடுகிறவர் பிடித்துக்கொள்ள அது இருக்கும். நடந்து சுற்ற ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஓட்டத்துக்கு எதிராக நடக்கட்டும், களைத்துத் திரும்பும்போது தண்ணீரே படகுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். காற்றடைத்த மிதவைகளை எல்லாம் படகோடு கட்டிவையுங்கள். காற்றில் பறந்த மிதவையைத் துரத்திப் போவதுதான் திட்டில் நடக்கும் மோசமான விஷயம். அது போனால் போகட்டும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் படகின் பின்புறமும் தொங்கக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, மயக்கம் வந்த பிறகுதான் தெரியும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரைப் பேர் சொல்லி நியமியுங்கள், அரைமணிக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை. யாராவது இழுபட்டுப் போய்விட்டால் துரத்திக் குதிக்காமல் மிதவையை எறியுங்கள், 911ஐ அழைத்து மார்லர் பாலத்துக்கு வடக்கே கிராப் ஐலண்ட் என்று சொல்லுங்கள். படகில் ரேடியோ இருந்தால் சேனல் 16இல் உதவி கேளுங்கள். கடலோரக் காவல் படையின் நிலையம் பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

திரும்பும்போது

மாலை 3 மணிக்கு மேல் எல்லாப் படகுகளும் ஒன்றாகக் கிளம்பும், பாலத்துக்கு அடியில் அலையும் நெரிசலும் கூடும். அதற்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள். வற்றம் தொடங்கிவிட்டால் பாலத்தை நோக்கிப் போகும்போது ஓட்டமும் பின்னாலிருந்து தள்ளும். நினைத்ததைவிட வேகமாகப் போவீர்கள், நிற்க அதிக இடம் வேண்டும்.

முதலில் தலையை எண்ணுங்கள். எல்லோரும் உட்கார்ந்து, ஏணியை மேலே இழுத்து, மிதவைக் கயிறுகளையும் பின்பக்க நங்கூரத்தையும் உள்ளே எடுத்த பிறகு எஞ்சினைப் போடுங்கள். முன்பக்க நங்கூரம் கடைசி. பின்னால் கயிறு ஒன்று விட்டுப்போனால் ப்ரொப்பெல்லரில் சுற்றி, பாலத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் இல்லாமல் மிதப்பீர்கள். அப்படி ஆகிவிட்டால் உடனே முன்பக்க நங்கூரத்தை மறுபடி இறக்கிவிட்டு, பிறகு போன் செய்யுங்கள்.

வாடகையில் பெட்ரோல் பெரும்பாலும் சேராது. துறைமுக பங்க்கில் வரிசை இருக்கும், அதற்கும் சேர்த்து அரைமணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படகை ஒப்படைக்கும்போது காலையில் எடுத்த வீடியோவைப் போலவே இன்னொன்று எடுத்து, முன்பணம் திரும்பி வரும் வரை இரண்டையும் அழிக்காமல் வைத்திருங்கள்.